ஆழத்துத் தாய்

நாள் 301. காலை 08:10

செவ்வாய், கிழக்குக் கூடம். பதிவு: இசக்கியம்மாள், பாறை வேதியியல். வெளியே மைனஸ் 58 பாகை. உள்ளே 19. காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சரி. தூசு குறைவு. நாள் எண்ணிக்கை நான் இங்கே இறங்கிய அன்றிலிருந்து.

குகையிலிருந்து நேற்று ஒரு பெட்டி வந்தது. பதினோரு கற்கள். பத்து வழக்கமானவை. ஒன்று கறுப்புக் கண்ணாடி, புளியங்கொட்டை அளவு.

இந்தப் பதிவை எடுத்துப் படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. பாறை தெரியாதவராகவும் இருக்கலாம். அதனால் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். எரிமலைக் கல் ஒவ்வொன்றும் கீழே ஏதோ ஒரு பாறை உருகிப் பிறந்தது. அந்தப் பாறையைத் தாய் என்கிறோம். மேலே வந்த கல் துரு ஏறும், உடையும், பொடியாகும். ஆனால் அதற்குள் இருக்கும் நியோடைமியம் என்ற உலோகத்தில் எடை கூடிய அணு எத்தனை, குறைந்த அணு எத்தனை என்ற விகிதம் தாயைக் காட்டிக் கொடுத்துவிடும். வயதுக்கான கணக்கைக் கழித்தால் போதும். இந்த அணு வகைகளுக்கு ஐசோடோப்பு என்று பெயர். நான் செய்வது அவ்வளவுதான்: கல்லைக் கரைத்து, அதன் தாய் யாரென்று கேட்பது.

இந்த வட்டாரத்தில் இரண்டு தாயைக் கண்டிருக்கிறேன். ஒருத்தி மேலே, சிறு பையாகத் தங்கிப்போனவள். மற்றவள் மிக ஆழத்தவள். இருநூற்றுப் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இங்கிருந்து வடக்கே பனித்திடல் வரை முந்நூறு கிலோமீட்டரை லாவாவால் மூடியவள்.

மேற்கே நாற்பத்தாறு கிலோமீட்டரில் குகை. லாவா ஓடி வடிந்த பிறகு மிஞ்சிய பெருங்குழாய். முப்பது நாளில் இருபத்திரண்டு பேர் அங்கே குடி வருகிறார்கள். அவர்களுக்காகச் சுரங்கப் பொறியாளர் டெல்பின் ராயனும் மின்பொறுப்பாளர் சுலைகாவும் இரண்டு வருடமாக அறை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ராயன் மணப்பாட்டுக்காரர். சுலைகா காயல்பட்டினம்.

குகை இருக்கும் எரிமலை செத்துவிட்டது, குடியேறலாம் என்று ஆறு வருடத்துக்கு முன் அறிக்கை எழுதியது நான்.

நாள் 301. மாலை 16:40

கண்ணாடிக் கல்லோடு ராயன் ஒரு குரல்பதிவும் அனுப்பியிருந்தார்.

"டாக்டரே, குகைக் கடைசியில, மூணு கிலோமீட்டர் உள்ள கெடந்துச்சு. முருங்கை மரத்துல பிசின் வடியுமே, அந்த மாதிரி தரை வெடிப்புல துளிர்த்து நின்னுச்சு. அழகா இருக்குன்னு பேத்தெடுத்தேன். ஜெனோவாவுக்குக் குடுக்கலாம்னு பாத்தேன். சுலைகா திட்டுறா. நீயே வச்சுக்கோ."

ஜெனோவா அவர் மனைவி. வரப்போகும் இருபத்திரண்டு பேரில் ஒருவர், பயிர்ப் பொறுப்பு.

கல்லைக் கரைக்க வைத்தேன்.

நாள் 303. காலை 11:25

எண் சரியில்லை.

கண்ணாடிக் கல்லில் ஈயத்தின் ஒரு வகை இருக்கிறது. அது சிதைந்து பொலோனியம் ஆகும். பழைய கல்லில் இரண்டின் கதிர்வீச்சும் சமமாக இருக்கும். விகிதம் ஒன்று. லாவா உருகி வெளியே வரும்போது மட்டும் பொலோனியம் ஆவியாகிப் பறந்துவிடும். கல் உறைந்த பிறகு சுழியத்திலிருந்து மறுபடி சேரும். பாதி சேர நூற்று முப்பத்தெட்டு பூமி நாள். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய முழுதாகச் சமமாகிவிடும். அதனால் இந்தக் கடிகாரம் புதுக் கல்லுக்கு மட்டும்தான் ஓடும்.

எனக்கு வந்த விகிதம் 0.50.

ஓடக் கூடாத கடிகாரம் ஓடுகிறது. எடை தவறியிருக்கும். அல்லது அமிலத்தைக் கூடுதலாகச் சூடாக்கிவிட்டேன். அல்லது குடுவை. நாளை மறுபடி.

நாள் 304. மாலை 15:05

பழைய கல் ஒன்றை எடுத்து அதே அமிலம், அதே சூடு, அதே குடுவையில் கரைத்தேன். 1.00. என் வேதியியலில் பிழையில்லை.

உட்கார முடியவில்லை. கூடத்தின் நீளம் ஒன்பது எட்டு. இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். காலைச் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருக்கிறது. இரண்டு முறை கழுவிய குடுவையை மூன்றாவது முறையும் கழுவினேன்.

ஒரு வழி இருக்கிறது. மீதிக் கரைசலை ஆறு நாள் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். தவறு எடையிலோ எண்ணியதிலோ என்றால் எண் மாறாது. கல் புதுசு என்றால் ஏறும்.

ஆறு நாள்.

நாள் 307. காலை 09:30

காற்று சரி. நீர் சரி. மின்சாரம் சரி. எழுத ஒன்றுமில்லை என்பதால் எழுதுகிறேன். என் பழைய அறிக்கையை எடுத்துப் படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம்: "இந்த எரிமலை மீண்டும் இயங்குவதற்கான சான்று எதுவும் இல்லை." மேற்பரப்பில் எடுத்த பதினேழு கல்லை வைத்து எழுதியது. குகையின் அடித்தரையில் ஒரு கல்கூட எடுக்கவில்லை. நான் பூமியில்தான் இருந்தேன், ஆளில்லா வண்டியின் எந்திரக் கை அவ்வளவு தூரம் போகவில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

நாள் 310. காலை 10:15

0.515.

ஏறியிருக்கிறது. கணக்குப்படி எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு.

கல் உறைந்து நான்கரை மாதம்தான் ஆகிறது.

நாள் 310. பகல் 13:50

பூமிக்கு அனுப்பினேன். கட்டுப்பாட்டு அறைத் தலைவர் பரஞ்சோதி. பதினான்கு நிமிடம் போக, பதினான்கு வர. நடுவில் அவர் படிக்க ஒன்றரை மணி நேரம்.

பரஞ்சோதி: "இசக்கி, நாலு தடவ படிச்சேன். பொலோனியம் பறந்துபோற சரக்கு. கரைக்கும்போது கொஞ்சம் சூடு கூடினாலே பாதி போயிரும். பழைய கல்லுல போகல, ஒத்துக்கறேன். ஆனா இது கண்ணாடி, அது வேற மாதிரி. அதுவும் ஒரே ஒரு கல்லு, புளியங்கொட்டை அளவு. இத வச்சு இருபத்திரண்டு பேர் பயணத்த எப்படி மாத்தச் சொல்றது? அந்த அறிக்கையில உங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கு. அதுக்காகச் சொல்லல. ஆனா இருக்கு."

நேர்மையான மனிதர். கடைசி இரண்டு வாக்கியத்தை அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

நாள் 312. காலை 09:00

குகைக்குச் சொல்லிவிட்டேன். பூமி முடிவெடுக்கும்வரை காத்திருப்பதுதான் விதி. ஆனால் குகையில் தூங்கி எழுகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

ராயன்: "ரெண்டு வருசமா இந்தக் கல்லோட மல்லுக்கட்டுதேன். பதினாறு அறை. குழாயில தண்ணி ஓடுது. ஜெனோவாவுக்குன்னு செவத்துல அடுக்கு வெட்டி வச்சிருக்கேன். இப்ப வந்து எல்லாத்தையும் போட்டுட்டு வான்னு சொல்லுத. செத்த மலைன்னு எழுதுனது யாரு? நீதான?"

நான்: "நாந்தாண்ணே."

ராயன்: "அப்ப தப்பா எழுதுனியா, இப்ப தப்பாச் சொல்லுதியா?"

நான்: "அப்பத்தான் தப்பு. ஒரு காரியம் மட்டும் செய்யுங்க. கடைசித் தரையில வெப்பமானி ஒண்ணு வைங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். பதிவில் இருக்கிறது.

நாள் 315. பகல் 12:20

சுலைகா: "லாத்தா, நாந்தான். காக்கா பேச மாட்டேங்காங்க, என்னயச் சொல்லச் சொன்னாங்க. கடைசித் தரை போன வருசம் மைனஸ் இருபது. இன்னைக்கு மைனஸ் மூணு. கந்தக வாயுமானியும் லேசா ஆடுது. காக்கா வெப்பமானிய மூணு தடவ மாத்தி வச்சிப் பாத்துட்டாங்க. மூணும் ஒண்ணுபோலத்தான் சொல்லுது."

அவள் ஊரில் அக்காவுக்கு லாத்தா, அண்ணனுக்குக் காக்கா.  

பூமிக்கு அனுப்பினேன்.

நாள் 318. காலை 10:40

பரஞ்சோதி: "குழு கூடிச்சு. வெப்பம் ஏறுனதுக்கு நீங்க பதிச்ச குழாய்கூடக் காரணமா இருக்கலாம்னு ரெண்டு பேர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. ஆனா குழு கேக்கறது இதுதான்: அதே இடத்துல இன்னொரு கல்லு. பெருசா, முஷ்டி அளவு. வயசும் பாக்கணும், தாயும் பாக்கணும். அவங்க வர்ற கலம் திசை மாத்தணும்னா நாள் 325க்குள்ள மாத்தணும். அதுக்கப்புறம் குகை வாசல்ல இறங்கறது தவிர வேற வழியில்ல."

புளியங்கொட்டைக் கல் பொலோனியத்துக்கே தீர்ந்துவிட்டது. தாய் யாரென்று கேட்க ஒரு துகள்கூட மிச்சமில்லை.

ஏழு நாள் இருக்கிறது. முஷ்டி அளவு கல் குகையின் கடைசியில் இருக்கிறது. அங்கே என்னால் போக முடியாது. என்னிடம் வண்டி கிடையாது. இருக்கும் ஒரே வண்டி அவர்களிடம்.

நாள் 321. பகல் 14:30

மூன்று நாள் கேட்காமல் இருந்தேன். நடந்தேன், கழுவினேன், கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். இன்று கேட்டுவிட்டேன்.

ராயன்: "எவ்ளோ பெருசு வேணும்?"

நான்: "முஷ்டி அளவு."

ராயன்: "கொண்டுவந்தா நம்புவாங்களா?"

நான்: "நம்புவாங்க."

ராயன்: "ஜெனோவா வாராள்லா அந்தக் கலத்துல. நாளைக்கு எடுத்துத் தாரேன். சுலைகா வாசல்ல வண்டியோட நிக்கட்டும்."

நாள் 322. பகல் 12:10

வானொலிப் பதிவிலிருந்து அப்படியே.

10:48. ராயன்: "கடைசிக்கு வந்துட்டேன். வெடிப்பு போன மாசம் வெரல் அகலம். இப்ப கை போவும்."

10:50. நான்: "வெப்பம் எவ்ளோ?"
ராயன்: "எழுவது."

10:51. நான்: "அண்ணே, வந்துருங்க. கல்லு வேண்டாம். எழுவதுங்கறதே போதும்."
ராயன்: "அன்னைக்கு மைனஸ் மூணுன்னதுக்கு என்ன சொன்னாங்க? குழாயின்னாங்க. இன்னைக்கு வெப்பமானி கெட்டுப்போச்சும்பாங்க. கல்லு முன்னாலயே நிக்கி, பளபளன்னு. ஒரு தட்டு."

10:59. ராயன்: "பேத்துட்டேன். கையுறை வழியாச் சூடு தெரியுது. தானா ஓடுத சரக்கு வண்டியில போட்டு அனுப்பிட்டேன். அது என்னவிட வெரசாப் போவும்."

11:06. ராயன்: "காலுக்கடியில அதிருது. பாறைக்கு வெடி வச்ச மாதிரி."

11:09. ராயன்: "சுலைகா, சரக்கு வண்டி வந்ததும் கல்ல எடுத்துக்கிட்டுக் கெளம்பு. நிக்காத. நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."
சுலைகா: "காக்கா, நான் நிப்பேன்."
ராயன்: "சொன்னதக் கேளு."

11:12. ராயன்: "ஏ பிள்ள, இங்க நல்ல வெளிச்சமா"

அதற்குமேல் குரல் இல்லை.

நாள் 322. பகல் 15:20

அவர் உடையில் ஒரு கருவி இருக்கிறது. வெளிவெப்பத்தை மணிக்கொருமுறை தானாக அனுப்பும். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

12:00. 88.
13:00. 140.
14:00. 310.
15:00. எதுவும் வரவில்லை.

சுலைகா ஒன்றே கால் மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள்.

நாள் 323. காலை 08:45

நேற்று இரவு சுலைகா வந்து சேர்ந்தாள். கல்லை என் கையில் கொடுத்தாள். பிறகு தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்க்காமல் கல்லைத் தராசில் வைத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். அப்போது அதுதான் செய்யத் தெரிந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 324. பகல் 13:15

விகிதம் 0.01. பிழை வரம்பு அதே அளவு.

இந்தக் கடிகாரம் நாளைச் சொல்லும், மணியைச் சொல்லாது. இரண்டு மூன்று நாளுக்குள் உறைந்த கல். பெரும்பாலும் அவர் தட்டிய அன்றே.

பரஞ்சோதிக்கு அனுப்பினேன். குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. கலத்துக்கும் நேரே அனுப்பினேன். கலத்தின் தலைவி வசுமதி. நான் பார்த்ததில்லை. எழுதியது மூன்று வரி: "குகையில் இறங்காதீர்கள். என் பழைய அறிக்கை தவறு. ராயன் இறந்துவிட்டார்."

நாள் 325. காலை 09:10

வசுமதி: "திசை மாத்திட்டோம். கட்டுப்பாட்டு அறையும் ஒத்துக்கிட்டாங்க. குகை வேண்டாம். சுத்துப்பாதையில நின்னுக்கிட்டு வட பனித்திடலப் பாக்கறோம். ஜெனோவா உங்ககிட்டப் பேசணுமாம்."

ஜெனோவா: "நான் ராயன் வீட்டுக்காரி. அவரு பேசுனது உங்ககிட்ட இருக்காமே."

நான்: "இருக்கு. முழுசா அனுப்பவா, நானே சொல்லட்டுமா?"

ஜெனோவா: "முழுசா அனுப்புங்க."

நாள் 325. பகல் 11:00

ஜெனோவா: "கேட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னதும் கேட்டுச்சு. மொத நாள் போவச் சொன்னதும் கேட்டுச்சு. ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் என்ன செய்யன்னு எனக்கு இப்பத் தெரியல. அந்தக் கல்லுல இன்னும் பாக்க வேண்டியது இருக்குன்னாங்க. பாத்து முடிங்க. பாதியில வுட்டுராதீங்க."

 பொத்தானில் இருந்த விரலை எடுத்துவிட்டுக் கல்லைப் பொடிக்க ஆரம்பித்தேன்.

நாள் 331. காலை 09:30

கலம் சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேலே போகிறது.

நிலைமை இதுதான். அவர்கள் வட பனித்திடலில் இறங்கலாம். இல்லையென்றால் பூமிக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டுமானால் நாள் 343க்குள் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு உணவும் எரிபொருளும் போதாது.

எங்கே இறங்குவது என்பதற்கு விடை ராயனின் கல்லில் இருக்கிறது. மேலே இருந்த சிறு பை கசிந்த லாவா என்றால் குகையோடு தீர்ந்துவிடும், பனித்திடலுக்கு ஆபத்தில்லை. ஆழத்தவள் என்றால் முந்நூறு கிலோமீட்டரும் அவள் மடி. எங்கே வேண்டுமானாலும் பிளக்கும்.

கல்லைப் பொடித்து, கரைத்து, நியோடைமியத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிரிக்கப் பதினேழு நாள். நாள் 325 அன்றே தொடங்கிவிட்டேன். அணுக்களை எண்ணும் மானியில் ஓட்ட ஒரு நாள். நாள் தவறினால் எல்லாம் தவறிவிடும்.

நாங்கள் போவதற்கும் வழி உண்டு. வடக்கே ஒன்பது கிலோமீட்டரில் திரும்பு கலம் நிற்கிறது. இரண்டு இருக்கை. ஒருமுறைதான் எழும்பும். சுலைகாவிடம் இன்றே போகச் சொன்னேன். "உங்களுக்கு யாரு பலகை தொடைப்பா?" என்று கேட்டாள். எங்கள் மின்சாரம் வெளியே இருக்கும் சூரியப் பலகைகளிலிருந்து வருகிறது. மேற்கே எழுந்த சாம்பல் அவற்றில் படிய ஆரம்பித்துவிட்டது.

நாள் 336. பகல் 12:00

மேற்கே அடிவானம் பழுப்பு. மின்சாரம் அறுபது விழுக்காடு. சுலைகா நாளைக்கு நான்கு முறை வெளியே போய்ப் பலகை துடைக்கிறாள். நான் சொட்டு எண்ணுகிறேன். அவளோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் உள்ளே வரும்போது எனக்குக் குடுவைப் பக்கம் ஏதோ வேலை வந்துவிடுகிறது.

இன்று பலகைப் பக்கத்திலிருந்து வானொலியில் பேசினாள்.

சுலைகா: "லாத்தா, நான் அங்க நின்ன ஒண்ணே கால் மணி நேரமும் காக்கா வருவாங்கன்னு நிக்கல. வர மாட்டாங்கன்னு தெரியும். வுட்டுட்டு வர மனசு இல்லாம நின்னேன். நீங்க ஒண்ணும் கேக்கலியே, அதான் நானே சொல்லுதேன்."

நான்: "நாந்தான் அனுப்புனேன் சுலைகா."

சுலைகா: "தெரியும். பலக தொடச்சாச்சு. உள்ள வாரேன்."

உள்ளே வந்தாள். கஞ்சி காய்ச்சி இரண்டு கிண்ணத்தில் ஊற்றி ஒன்றை என் மேசையில் வைத்தாள். குடித்தேன்.

நாள் 340. காலை 10:30

தரை அதிர்வு எட்டு முறை. கூடத்துக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் புதுப் பிளவு. மெல்லிய புகை. மின்சாரம் முப்பத்தைந்து. சூடாக்கியை அணைத்துவிட்டோம். உள்ளே நான்கு பாகை. கையுறையோடு சொட்டு எண்ணுவது கடினம். கழற்றிவிட்டு எண்ணினேன். விரல் மரத்துப்போய் ஒரு குழாய் கீழே விழுந்தது. ஆறு சொட்டு போச்சு. மீதி இருக்கிறது. மீதி போதும்.

போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நாள் 343. காலை 08:00

கரைசல் தயார். மானி சூடாகிறது. ஓட்டம் நான்கு மணி நேரம்.

பிளவிலிருந்து லாவா வருகிறது. மெதுவாக, சாய்வு பார்த்து. எங்கள் பக்கம்தான் சாய்வு.

கலம் 15:10க்குத் தலைக்கு மேலே வரும். கடைசிச் சுற்று. அதன்பின் அவர்கள் இறங்க வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். திரும்பு கலம் அந்த நேரத்தில் எழும்பினால்தான் அவர்களைப் பிடிக்கும்.

நாள் 343. காலை 10:20

திரும்பு கலத்தின் எரிபொருளைச் சூடாக்க ஒரு மணி நேரம் வேண்டும், நடந்து போக இரண்டரை. சுலைகாவை நடக்கச் சொல்லிவிட்டேன். வண்டி எனக்கு. எண் வந்ததும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். கதவருகே நின்று என் கையைப் பிடித்தாள், கையுறைக்கு மேலே. 

நாள் 343. பகல் 12:05

அதிர்வு. ஓட்டம் நின்றுவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. அதை வைத்துச் சொல்ல முடியாது. மேல் தாய் என்றால் கடைசி இலக்கங்கள் 27, ஆழத்தவள் என்றால் 39. வந்திருப்பது 34, பிழை வரம்பு ஏழு. இரண்டு பக்கமும் தொடுகிறது.

மறுபடி தொடங்கிவிட்டேன். மீதிக் கரைசல் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றிவிட்டேன், அப்போதுதான் சீக்கிரம் முடியும். ஒன்றரை மணி நேரம்.

நாள் 343. பகல் 12:50

வசுமதி: "இசக்கி, உங்களால முடியலன்னா விட்டுருங்க. நாங்க யோசிச்சு முடிவெடுத்துக்கறோம்."

நான்: "எத வச்சு யோசிப்பீங்க? மூணு நிமிசத்துக்கு ஒரு எண் வருது. பொறுங்க."

36, வரம்பு ஒன்பது. இன்னும் இரண்டையும் தொடுகிறது. நடக்கிறேன். ஒன்பது எட்டு. தரை சாய்ந்திருக்கிறது, ஒரு பக்கம் நடந்தால் இறக்கம்.

அந்தப் பதினேழு கல்லோடு ஒரு பதினெட்டாவது எடுத்திருந்தால். அப்போது எனக்கு அவசரம். இன்னொருவர் முந்திவிடுவார் என்று. யார் என்றுகூட நினைவில்லை.

நாள் 343. பகல் 13:31

39. வரம்பு இரண்டு.

ஆழத்தவள். சாகவே இல்லை.

நான்: "வசுமதி, முப்பத்தொன்பது. ஆழத்துத் தாய்தான். பனித்திடல்ல எறங்காதீங்க. இந்தச் சமவெளியில எங்கயும் எறங்காதீங்க. ஊருக்குப் போங்க."

வசுமதி: "முப்பத்தொன்பது. சரியாக் கேட்டோம். இறங்கல. உங்க ரெண்டு பேருக்காகக் காத்திருக்கோம். கெளம்புங்க."

அவளுக்குப் பின்னால் யாரோ அழுதார்கள். ஜெனோவாவா என்று கேட்கவில்லை.

நாள் 343. பகல் 13:44

அறிக்கைத் திருத்தம். பக்கம் 41 தவறு. அதை எழுதியது இசக்கியம்மாள். திருத்தத்துக்கு ஆதாரமான கல்லை எடுத்தவர் டெல்பின் ராயன்.

உடை மாட்டிக்கொண்டேன்.

நாள் 343. 13:52

வெளிக்கதவின் உள்பக்கம் கை வைத்தேன். கையுறை புகைந்தது. சின்னச் சன்னலில் சாம்பல்தான் தெரிந்தது, ஒரு மூலையில் மட்டும் சிவப்பு. வண்டியின் சக்கரம் உருகுகிறது.

வேறு கதவு இல்லை.

13:58

சுலைகா: "லாத்தா, எரிபொருள் சூடாகிட்டு. எங்க இருக்கீய?"

நான்: "வழியில. சாம்பல்ல வண்டி மெதுவாத்தான் போவுது. 15:10க்கு நான் வரலன்னா எனக்காக நிக்காத. சொல்லு, நிக்க மாட்டேன்னு சொல்லு."

சுலைகா: "கெளம்பிட்டீய இல்ல?"

கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன்.